கட்சிக்குப் பணம் எங்கிருந்து வரலாம்? அரசியல் நிதி குறித்த எழுபதாண்டு விவாதம்

1957இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடியது. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்யும் வகையில் தன் நிறுவன விதிகளைத் திருத்திக்கொள்ள அது அனுமதி கேட்டது. பங்குதாரர் ஒருவர் எதிர்த்து வழக்காடினார். அன்றிருந்த சட்டத்தில் தடை ஏதும் இல்லாததால் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அனுமதியை மறுக்கவில்லை. ஆனால் இந்த வழக்கம் வளர்ந்தால் நாட்டின் ஜனநாயகத்தையே நெரித்துவிடக்கூடும், நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். அடுத்த ஆண்டே அவர் வேறொரு விசாரணைக்குத் தலைமை ஏற்றார். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்ட விவகாரம் அது. அதன் முடிவில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நிறுவனத்தின் பணம் கட்சிக்குப் போவது, மக்களின் பணம் நிறுவனத்துக்குப் போவது என இரு திசைகளையும் ஒரே நீதிபதி ஓராண்டு இடைவெளியில் பார்க்க நேர்ந்தது.

அன்று எழுந்த கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. தேர்தலில் நிற்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைத் தரும் வசதி பெரும்பாலும் தொழில் நிறுவனங்களிடம் இருக்கிறது. அவற்றின் தொழிலோ அரசின் உரிமத்தையும் ஒப்பந்தத்தையும் வரிவிதிப்பையும் நம்பியிருக்கிறது. அப்படியானால் வாக்களித்தவருக்கும் பணம் தந்தவருக்கும் இடையில் ஆட்சியாளர் யாருக்குப் பதில் சொல்வார்? இதற்கு இந்தியா தடை, வரம்பு, வெளிப்படைத்தன்மை, அரசுநிதி எனப் பல விடைகளை முயன்றும் பேசியும் பார்த்துவிட்டது. அவை ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன, எங்கே தடுக்கி விழுந்தன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோபம் யார் மீது?

அரசியல் தலைவர்கள் மீதான மக்களின் சலிப்பு இந்தியாவில் ஒரு விசித்திரமான வடிவம் கொண்டது. எந்த அமைப்பை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்கும் ஆய்வுகளில் இராணுவமும் நீதிமன்றமும் மேலே நிற்க, அரசியல் கட்சிகள் பெரும்பாலும் கீழ்வரிசையில்தான் வருகின்றன. ஆனாலும் வாக்குச்சாவடிக்கு மக்கள் வருவது குறையவில்லை. 2014, 2019, 2024 ஆகிய மூன்று மக்களவைத் தேர்தல்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வாக்களித்தார்கள். மக்கள் அரசியலைக் கைவிட்டுவிடவில்லை. அரசியல் நடத்துபவர்களைத்தான் நம்பவில்லை.

இந்த அவநம்பிக்கைக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, தவறு தனிமனிதருடையது என்பது. நேர்மையற்ற அமைச்சரும் பேராசை கொண்ட முதலாளியும் கைகோத்ததால் கேடு வந்தது. அவர்களைப் பிடித்துத் தண்டித்தால் போதும். 2011இல் அண்ணா ஹசாரேயின் உண்ணாவிரதத்தைச் சூழ்ந்த எழுச்சி பெரிதும் இந்த நம்பிக்கையில் நின்றது. லோக்பால் என்ற வலுவான காவலர் வந்தால் போதும் என்றது அது.

இரண்டாவது விளக்கம், தவறு அமைப்பினுடையது என்பது. இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை விவகாரம் இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் காட்டியது. 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை இழப்பு இருக்கலாம் என்று 2010இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் மதிப்பிட்டார். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டு முறையே தவறென்று கூறி 122 உரிமங்களை ரத்து செய்தது. ஆனால் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட ஆ. ராசா, கனிமொழி உள்ளிட்ட அனைவரையும் விடுதலை செய்தது. அலைக்கற்றையைப் பங்கிட்ட முறை செல்லாது என்று ஒரு நீதிமன்றம் சொல்ல, குற்றம் செய்தவர் என எவரையும் மெய்ப்பிக்க முடியவில்லை என்று இன்னொரு நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த குடிமகனுக்கோ கோபத்தை வைக்க இடமில்லாமல் போயிற்று. தனிமனித விளக்கத்தின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. குற்றவியல் சட்டம் கேட்கும் சான்று, கைமாறிய ஒரு தொகைக்கும் எடுக்கப்பட்ட ஒரு முடிவுக்கும் இடையிலான நேரான கயிறு. செல்வாக்கு அப்படிப்பட்ட கயிறாக இருப்பது அரிது.

தடை: 1969 முதல் 1985 வரை

சாக்ளாவின் எச்சரிக்கைக்கு முதலில் கிடைத்த பதில் வரம்பு. 1960இல் நிறுவனச் சட்டம் திருத்தப்பட்டு, ஆண்டு நன்கொடைக்கு மூன்றாண்டு சராசரி லாபத்தில் 5 விழுக்காடு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது உச்சமாக்கப்பட்டது. தமிழரான கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964இல் தந்த அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவன நன்கொடையை முழுதாகத் தடுக்கச் சொன்னது. அதே குழுவின் பரிந்துரையில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உடனே பிறந்தது. நன்கொடைத் தடைக்கோ ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1969இல் இந்திரா காந்தி அரசு தடையைக் கொண்டுவந்தபோது நோக்கம் குறித்து இரு கருத்துகள் நிலவின. பெருமுதலாளிகளின் பிடியை அறுக்கும் செயல் இது என்றது அரசு. ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி, உரிம ஆட்சியை எதிர்த்ததால் தொழிலதிபர்கள் சிலரின் வெளிப்படையான ஆதரவைப் பெற்றிருந்தது. அந்த ஊற்றை அடைப்பதே உள்நோக்கம் என்றனர் எதிர்க்கட்சியினர். இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. விளைவைப் பற்றி மட்டும் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நன்கொடைக்கு மாற்றாக அரசுநிதி எதுவும் தரப்படவில்லை. உரிம முறையும் அப்படியே தொடர்ந்தது. ஆகவே பணம் நிற்கவில்லை, காசோலையிலிருந்து பெட்டிக்கு மாறியது. கட்சி மலர்களில் நிறுவனங்கள் கொடுத்த விளம்பரங்கள் இன்னொரு வழியாயின. கறுப்புப் பணம் கட்சிகளின் இயல்பான எரிபொருளானது இந்தக் காலத்தில்தான் என்று கருதப் போதிய காரணம் இருக்கிறது.

தடையை ஆதரிப்போர் பிற நாட்டு உதாரணங்களைக் காட்டுகிறார்கள். பிரான்ஸ் 1995இல் நிறுவன நன்கொடையைத் தடுத்தது. கனடா 2004இலிருந்து இரு கட்டங்களில் தடுத்தது. பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2015இல், பெட்ரோபிராஸ் ஊழல் விசாரணையின் சூட்டில், நிறுவன நன்கொடை அரசமைப்புக்கு எதிரானது என்றது. ஆனால் பிரான்ஸிலும் கனடாவிலும் தடையோடு கடுமையான செலவு வரம்பும் அரசின் பண உதவியும் கூடவே இருந்தன. 1969இன் இந்தியாவில் தடை தனியாக வந்தது. தடை தோற்றது என்பதைவிட, தனித்து விடப்பட்ட தடை தோற்றது என்று சொல்வதே பொருத்தம்.

செலவுக்கு வந்த வரம்பும் அது போன வழியும்

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் என் பார்வையில் முதன்மையான திருப்பம் 1974இல் நிகழ்ந்தது. 1971 மக்களவைத் தேர்தலில் டெல்லி சதர் தொகுதியின் வெற்றியை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கன்வர் லால் குப்தா வழக்கு எனப்படும் அதில் நீதிபதி பி.என். பகவதி ஓர் எளிய கொள்கையைச் சொன்னார். வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு இருக்கும்போது அவருக்காகக் கட்சி செய்யும் செலவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வரம்புக்கே பொருள் இல்லை. பணம் மிகுந்தவர் கட்சியின் பெயரில் செலவழித்துத் தப்பிவிடுவார். எனவே அவர் அறிந்து, அவர் ஒப்புதலோடு, அவருக்காகக் கட்சி செலவிட்டதும் அவர் கணக்கே.

தீர்ப்பு 1974 அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. அந்த மாதமே அவசரச் சட்டம் பிறந்தது; நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஒரு விளக்கவுரை நுழைந்தது. 2003இல் அந்த ஓட்டை சற்றுக் குறுக்கப்பட்டது. ஆயினும் நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு வெளியேதான் நிற்கிறது. கட்சி பொதுவாகச் செய்யும் பிரச்சாரமும் அப்படியே. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று 2022இல் வரம்பு திருத்தப்பட்டது. கட்சிக்கு வரம்பே இல்லை.

இதன் விளைவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வேட்பாளர் கைக்குக் கட்டு, கட்சியின் கைக்குக் கட்டில்லை என்றானபோது, பணம் தொகுதியிலிருந்து தலைமையகத்துக்கு நகர்ந்தது. சொந்தமாக நிதி திரட்டவல்ல உள்ளூர்த் தலைவரின் எடை குறைந்து, நிதியைக் கையாளும் மேலிடத்தின் எடை கூடியது. தங்கள் சட்டமன்ற உறுப்பினர் தங்கள் பேச்சைக் கேட்பதில்லை, மேலே பார்த்தே நடக்கிறார் என்பது வாக்காளர்களின் பழைய குறை. அதற்கு 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டமும் காரணம்தான். ஆனால் பணம் ஓடும் பாதையும் அதற்கு முன்பே அதே திசையில் திரும்பிவிட்டது. வரவை ஒழுங்குபடுத்த எழுபது ஆண்டுகளில் எத்தனையோ முயற்சிகள். செலவைக் கட்டுப்படுத்த வந்த மெய்யான முயற்சியின் ஆயுள் சில வாரங்கள். அதை அழிப்பதில் அன்றைய ஆளுங்கட்சிக்கு இருந்த அவசரம், பின்னர் ஆண்ட எந்தக் கட்சிக்கும் அதை மீட்பதில் இருக்கவில்லை.

வெளிப்படையாகக் கொடுக்கலாம் என்ற விடை

1985இல் ராஜீவ் காந்தி அரசு தடையை நீக்கியது. இயக்குநர் குழுவின் தீர்மானத்தோடு, மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 5 விழுக்காடு வரை கொடுக்கலாம். கணக்கில் காட்ட வேண்டும். 2003இல் வாஜ்பாய் அரசு நன்கொடைக்கு முழு வரிவிலக்கு தந்து, 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவரின் பெயரைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்றது. 2013இன் நிறுவனச் சட்டம் வரம்பை 7.5 விழுக்காடாக்கியது. வெளிச்சம் பட்டால் பணத்தின் விஷம் குறையும் என்ற கருத்து இவற்றின் அடியில் ஓடியது.

நிறுவனங்கள் வெளிச்சத்தை விரும்பவில்லை. ஒரு கட்சிக்குக் கொடுத்தது இன்னொரு கட்சிக்குத் தெரிந்தால் ஆட்சி மாறும்போது அவதி என்பது அவற்றின் வாதம். இதில் ஓரளவு நியாயமும் உண்டு. இந்த அச்சத்தைக் காரணம் காட்டியே 2017இல் அருண் ஜேட்லி தேர்தல் பத்திரங்களை அறிவித்தார். ரிசர்வ் வங்கி தன் கவலையை எழுத்தில் தெரிவித்தது. வெளிப்படைத்தன்மையைப் பின்னோக்கி இழுக்கும் செயல் என்று தேர்தல் ஆணையமும் எழுதியது. இருந்தும் 2018 ஜனவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரையிலான பத்திரங்களைப் பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கி, 15 நாட்களுக்குள் கட்சியிடம் தரலாம். கொடுத்தவர் பெயர் வெளியே வராது. 7.5 விழுக்காடு வரம்பும் நீக்கப்பட்டது. லாபமே ஈட்டாத நிறுவனமும் எவ்வளவும் தரலாம் என்றாயிற்று.

இதனுடன் இன்னொரு செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை நடத்திய வேதாந்தா குழுமத்தின் இந்திய நிறுவனங்களிடமிருந்து பெற்ற நன்கொடையில் காங்கிரசும் பாஜகவும் வெளிநாட்டு நிதிச் சட்டத்தை மீறின என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. அடுத்து 2016, 2018 நிதிச் சட்டங்களின் வழியே வெளிநாட்டு நிதிச் சட்டம் பின்தேதியிட்டுத் திருத்தப்பட்டது, இறுதியில் 1976 வரைக்கும். ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இரு பெரிய கட்சிகளும் இந்தத் திருத்தத்தால் ஒருசேரப் பயன்பெற்றன.

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகப் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தனர். கட்சிக்கு யார் நிதி தருகிறார்கள் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றனர். வரம்பற்ற நிறுவன நன்கொடையும் செல்லாது என்றனர். தகவலைத் தர ஜூன் வரை அவகாசம் கேட்ட வங்கியின் மனு தள்ளுபடியாக, மார்ச்சில் விவரங்கள் வெளியாயின. ஆறாண்டில் விற்ற பத்திரங்களின் மதிப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல். வெளியான காலப்பகுதியில் பாஜக பெற்றது 6,000 கோடிக்குச் சற்று மேல், ஏறத்தாழ மொத்தத்தில் பாதி.

இத்தரவுகளை இருவிதமாக வாசிக்கிறார்கள். நிறுவனங்களில் சோதனை நடந்த தேதி, ஒப்பந்தம் கிடைத்த தேதி, பத்திரம் வாங்கிய தேதி ஆகியவற்றை அருகருகே வைத்து, கைமாறு தெளிவு என்போர் ஒருபுறம். தேதிகளின் நெருக்கம் காரணத்தை மெய்ப்பிக்காது என்போர் மறுபுறம். இரண்டாவது தரப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மிக அதிகமாக, 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரோடு தொடர்புள்ள லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். அதனிடமிருந்து 509 கோடி பெற்றதைத் திமுகவே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அது நீங்கவும் இல்லை. ‘கொடுத்தார், பெற்றார்’ என்ற எளிய சூத்திரத்தில் இது அடங்கவில்லை. அப்படியானால் எதற்காக இவ்வளவு பணம் என்ற கேள்விக்குப் பொதுவெளியில் நிறைவான விடையும் இல்லை. சிறப்புப் புலனாய்வு கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வெளிப்படைத்தன்மை அதன் எல்லையை அங்கே தொட்டது. பெயர்கள் தெரிந்தன, தொகைகள் தெரிந்தன, ஏன் என்பது தெரியவில்லை.

அரசே கொடுத்தால்?

1998இல் இந்திரஜித் குப்தா குழு, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அரசு பணமாக அல்லாமல் பொருளாகவும் வசதியாகவும் உதவலாம் என்றது. 2015இல் சட்ட ஆணையம் முழு அரசுநிதி இன்றைய நிலையில் சாத்தியமில்லை என்றது. எதிர்ப்பவர்களின் வாதம் வலுவானது: அரசு தரும் பணம் பழைய பணத்துக்குப் பதிலாக வராது, அதன் மேல் கூடுதலாக வந்து சேரும். அரசுநிதிக்கு முன்னோடி எனப்படும் ஜெர்மனியிலேயே 1999இல் முன்னாள் சான்சலர் ஹெல்முட் கோல், நன்கொடையாளர் பெயரைச் சொல்ல மறுத்த விவகாரம் வெடித்தது.

இன்னொரு இடர், உள்ளே இருக்கும் கட்சிகளுக்கே பங்கு போய்ப் புதியவர்கள் நுழைய முடியாமல் போவது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இதற்கு ஒரு மாற்றை முயல்கிறது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் தலா 25 டாலர் மதிப்பில் நான்கு சீட்டுகளை நகராட்சி தருகிறது; விரும்பும் வேட்பாளருக்கு அவர் கொடுக்கலாம். 2017இல் முதன்முறை பயன்பட்ட இந்த ஏற்பாடு சிறுநன்கொடையாளர் எண்ணிக்கையைக் கூட்டியது. ஆனால் கணக்குத் தணிக்கையை நம்பக்கூடிய ஒரு நகரத்தின் அனுபவம் அது. வாக்குச்சீட்டுக்கே விலை பேசப்படும் இடத்தில் நன்கொடைச் சீட்டுக்கு விலை பேசப்படாது என்று எப்படி உறுதி சொல்வது?

நன்கொடை இல்லாத செல்வாக்கு

மேலே கண்ட விடைகள் அனைத்தும் நன்கொடையே செல்வாக்கின் வாசல் என்று கொள்கின்றன. இந்த அடிப்படையையே கேள்விக்குட்படுத்தும் ஆய்வுமரபு ஒன்றும் உண்டு. அரசின் முடிவுகளால் நிறுவனங்களுக்குக் கிடைக்கக்கூடிய லாபத்தோடு ஒப்பிட்டால் அமெரிக்க அரசியலில் புழங்கும் பணம் வியப்பூட்டும் அளவு குறைவு என்று ஸ்டீபன் அன்சோலாபெஹரும் அவருடன் எழுதியவர்களும் 2003இல் வாதிட்டனர். நம் கணக்கும் அதையே காட்டும். ஆறாண்டில் 16,000 கோடி என்பது மத்திய அரசின் ஓராண்டு வரவுசெலவில் ஒரு விழுக்காடு கூட இல்லை.

இதற்கு முன்பே, 1977இல், அரசியல் அறிஞர் சார்லஸ் லிண்ட்ப்ளோம் வேறொரு விளக்கம் தந்திருந்தார். வேலையும் முதலீடும் தனியார் கையில் இருக்கும் சமூகத்தில் அவர்கள் நன்கொடையே தராவிட்டாலும் ஆட்சியாளர் அவர்கள் முகம் பார்த்தே நடப்பார். முதலீடு போய்விட்டால் வாக்கும் போய்விடும். தமிழ்நாட்டில் 2015இலும் 2019இலும் அதிமுக அரசுகளும், 2024இல் திமுக அரசும் உலக முதலீட்டாளர் மாநாடுகளை ஒரே முறையில் நடத்தின. அடுத்த மாநிலம் நிலமும் வரிச்சலுகையும் தரும்போது நாம் தராவிட்டால் ஆலை அங்கே போகும் என்ற கணக்கு எந்தக் கட்சிக்கும் ஒன்றுதான்.

ஆனால் இவ்விளக்கத்தை முழுதாக ஏற்பதிலும் சிக்கல் இருக்கிறது. முதலீட்டாளர் வர்க்கம் முழுமைக்கும் இணக்கமான கொள்கை வேறு. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு மட்டும் திறக்கும் கதவு வேறு. முதலாவதை மக்கள் தேர்தலில் விவாதிக்கலாம், தொழில் வேண்டுமென்று விரும்பி ஆதரிக்கவும் செய்யலாம். இரண்டாவது அவர்கள் முன் வைக்கப்படுவதே இல்லை. மக்களின் கோபத்தில் இவ்விரண்டும் கலந்து கிடப்பதால், எதற்கு எந்த மருந்து என்பதும் குழம்புகிறது.

ஆட்சி யாருடைய விருப்பத்துக்குச் செவிசாய்க்கிறது என்பதை அளந்து பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். அரசியல் அறிஞர்கள் மார்ட்டின் கிலன்ஸும் பெஞ்சமின் பேஜும் 2014இல் 1,779 கொள்கைக் கேள்விகளை ஆராய்ந்து, பொருளாதார மேல்தட்டும் தொழில் அமைப்புகளும் விரும்பியது அமெரிக்கக் கொள்கையில் எதிரொலிக்கிறது, சராசரிக் குடிமகனின் விருப்பத்துக்குத் தனித்த விளைவு அனேகமாக இல்லை என்றனர். பெரும்பாலான கேள்விகளில் நடுத்தட்டும் மேல்தட்டும் ஒரே கருத்தில்தான் இருந்தன என்று பின்வந்தோர் மறுத்தனர். இந்தியாவுக்கு இந்த அளவில் ஓர் ஆய்வு செய்ய வேண்டுமென்றால், கொள்கைவாரியாக மக்கள் கருத்தைப் பல்லாண்டு திரட்டிய தரவு முதலில் வேண்டும்.

செலவின் கீழ்முனை

நிறுவனப் பணத்தைப் பற்றிப் பேசும்போது அது போய்ச் சேரும் இடத்தையும் பேசியாக வேண்டும். 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் வாக்குக்குப் பணம் என்ற ஒரு ‘ஃபார்முலா’வையே தமிழ் அரசியல் பேச்சுக்குத் தந்தது. பணப் பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாயின. வாக்காளரே கெட்டுவிட்டார் என்று பலர் இதைக் கொண்டு முடிவுகட்டுகிறார்கள். அந்த முடிவு அவசரமானது. எல்லாத் தரப்பிடமும் பணம் வாங்கிக்கொண்டு விரும்பியவருக்கே வாக்களிப்போர் பலர் என்பதைக் கள ஆய்வுகள் காட்டுகின்றன. பணம் வெற்றியை உறுதிசெய்வதில்லை. பணமில்லாதவரைக் களத்துக்கு வரவிடாமல் செய்கிறது. ஐந்தாண்டில் தன் குரலுக்கு விலை கிடைக்கும் ஒரே நாள் இதுதான் என்று ஒருவர் நினைத்தால், அந்த நினைப்பை உண்டாக்கியது மற்ற நாட்களின் ஆட்சிதான்.

தீராமல் நிற்பவை

கிடைக்கும் சான்றுகளை வைத்துச் சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். செலவு வரம்பும் மாற்று நிதியும் இல்லாத தடை, பணத்தை இருட்டுக்கு அனுப்பும். விசாரிக்கும் அமைப்பு இல்லாத வெளிப்படைத்தன்மை, பட்டியலைத் தரும், பொறுப்பைத் தராது. தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஆறு தேசியக் கட்சிகளும் பொது அதிகார அமைப்புகளே என்று மத்திய தகவல் ஆணையம் 2013இல் ஆணையிட்டது. அந்தக் கட்சிகள் அதற்குக் கீழ்ப்படியவில்லை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தால் அது ஆளுங்கட்சிக்குச் சாதகமாகுமா என்பது திறந்தே இருக்கிறது. அரசு விளம்பரம் என்ற பெரும் கருவி ஆட்சியில் இருப்பவர் கையில்; எதிர்க்கட்சியின் செலவை மட்டும் குறுக்கினால் போட்டி இன்னும் சாயலாம். சமூக ஊடகத்தில் மறைமுகமாகச் செய்யப்படும் பிரச்சாரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கு 1974இன் தீர்ப்பில் விடை தேட முடியாது. பத்திரங்கள் போனபின், நன்கொடைகளைத் திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியே வரும் பணத்தில் கொடுப்பவர் பெயரும் பெறுபவர் பெயரும் தெரிகின்றன; எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்ற இணைப்பு எப்போதும் தெரிவதில்லை. தேர்தல் ஆணையத்துக்குக் கட்சிகளின் கணக்கைச் சுயமாகத் தணிக்கை செய்யும் அதிகாரம் தரலாம் என்றால், ஆணையர்களை யார் நியமிப்பது என்ற வேறொரு தகராறு முன்னே வந்து நிற்கிறது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தலைமை நீதிபதியைத் தேர்வுக்குழுவில் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவருக்குப் பதிலாக ஒரு மத்திய அமைச்சரை அந்த இடத்தில் வைத்தது. அச்சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றுள்ளன.